காற்றுக் கையுறை விரலை மடக்குகிறது, விரிக்க மாட்டேன் என்கிறது

காற்றறை22 கேட்டது:

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு கை இறுகிப்போனவர்களுக்கு மென்ரோபோ கையுறை செய்வது எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். இப்போதைய அமைப்பு இது.

விரலுக்கு ஒரு காற்றறை. ஈகோஃப்ளெக்ஸ் 00-30 சிலிகோனை 3டி பிரின்ட் மோல்டில் ஊற்றி, அடுத்தடுத்த சிறு அறைகளாக வார்த்திருக்கிறோம். அடியில் நீளாத துணி. விரலின் முதுகுப் பக்கம் வெல்க்ரோவால் கட்டுகிறோம். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் ஒன்று, விரலுக்கு ஒரு இருவழி சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது), இவற்றை இயக்க ஆர்டுயினோ நேனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை.

தளர்வான கையில் விரல் நன்றாக மடங்குகிறது. கையை இறுக்கி வைத்துக்கொண்டு சோதித்தால் விரிவதே இல்லை. பம்பின் உறிஞ்சும் முனையை இணைத்தும் பாதி தூரம்கூட வரவில்லை. இன்னொரு தொல்லை: காற்றழுத்தம் 40 கிலோபாஸ்கலைத் தாண்டினால் ஏதாவது ஓர் அறை மட்டும் பலூன் போல உப்பி, இரண்டொரு நாளில் கிழிந்துவிடுகிறது.

விசையைக் கூட்ட எந்த சிலிகோன் நல்லது? பெரிய வேக்குவம் பம்ப் வாங்கினால் விரியுமா?

விரல்நுனி (ஆக்குபேஷனல் தெரபி):

சிலிகோனுக்கு முன்னால் கையைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் கருவி தப்பான திசையில் வேலை செய்கிறது.

பக்கவாதத்துக்குப் பின் இறுகிய கைக்கு மடக்க உதவி தேவையில்லை. மடக்கும் தசைகள்தான் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கட்டைவிரல் உள்ளே போய், மற்ற நான்கும் அதன்மேல் மூடி, நகம் உள்ளங்கையில் பதிந்து கிடக்கும். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியாததற்குக் காரணம் டம்ளர் நுழையும் அளவுக்குக் கை திறக்காததுதான். நீங்கள் மடக்கும் விசையைக் கூட்டினால் கோளாறுக்கே கை கொடுத்ததாகும்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களின் கை, தசைநோய் வந்தவர்களின் கை இவை வேறு. அங்கே பிடிக்க வலு இருக்காது. ஹார்வர்டில் கோனர் வால்ஷ் குழு 2015-இல் வெளியிட்ட, இடுப்புப் பட்டையில் தண்ணீர் பம்ப் வைத்த கையுறை அப்படிப்பட்ட கைகளை மனதில் வைத்துச் செய்தது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பல அந்த வழியில் வந்தவை. அதை அப்படியே பார்த்துச் செய்பவர்கள் எல்லாரும் உங்கள் இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

விறைப்பு என்பது வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக நீட்டினால் இளகும். வெடுக்கென்று நீட்டினால் அதே வேகத்தில் எதிர்த்து இழுக்கும். ஆகவே விரிய 3 முதல் 5 விநாடி, விரித்த நிலையில் 10 விநாடி, தளர 3 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை விறைப்பை 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவையில் 1, 1+, 2 உள்ள கைகளை மட்டும் எடுங்கள். 3-க்கு இந்த மாதிரிக் கையுறையின் விசை பத்தாது; 4 என்றால் தொடவே கூடாது.

மூட்டு இறுகிவிட்டதா, தசைதான் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி வைத்து விரல்களை மெல்ல நீட்டுங்கள். மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது விரிந்து, நிமிர்த்தியதும் விரிய மறுத்தால் தடை தசையிலும் தசைநாரிலும் இருக்கிறது. மணிக்கட்டு மடங்கியிருந்தும் விரியாவிட்டால் மூட்டே கெட்டிப்பட்டிருக்கலாம். அதற்குக் கையுறை மருந்தல்ல, தெரபிஸ்டிடம் அனுப்புங்கள்.

இதே காரணத்தால் மணிக்கட்டுக்கு ஸ்பிளின்ட் (அசையாமல் தாங்கும் கட்டை) போடாமல் விரலை விரிக்கவே முடியாது. நீங்கள் கொடுக்கும் விசை மணிக்கட்டை மடக்கிவிட்டு அதோடு தீர்ந்துபோகும். முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு ஸ்பிளின்ட், மணிக்கட்டு நேராகவோ 20 டிகிரி வரை பின்னால் நிமிர்ந்தோ இருக்கட்டும்.

தையல்காற்று:

மேலே சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேக்குவம் பம்ப் ஏன் உதவாது என்பது தெரிந்துவிடும்.

உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு: வளிமண்டல அழுத்தம், சுமார் 101 கிலோபாஸ்கல். சின்ன டயாஃப்ரம் பம்ப் அதில் 50, 60 எட்டினாலே பெரிது. உள்விட்டம் 12 மி.மீ. உள்ள, துருத்தி போன்ற மடிப்புக் குழாயில் 50 கிலோபாஸ்கல் உறிஞ்சினால் 5.7 நியூட்டன் கிடைக்கும். அது மூட்டின் மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இழுத்தால் திருப்புவிசை 0.085 நியூட்டன் மீட்டர். இறுகிய விரலுக்கு இது போதாது. கடையில் கிடைக்கும் மடிப்புக்குழாய்க் கையுறைகள் மடக்கும்போது பலமாகவும் விரிக்கும்போது நோஞ்சானாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அழுத்தம் கொடுத்து விரியுங்கள். ஒரு நேரான துணிக் குழாயை விரலின் முதுகில் வைத்துக் கட்டி, மடங்கிய விரலோடு அதையும் மடித்துவிட்டுக் காற்றடைத்தால், அது நிமிரத் துடிக்கும். மடிந்த இடத்தில் அது தரும் திருப்புவிசை தோராயமாக π × அழுத்தம் × ஆரத்தின் மும்மடி. 20 மி.மீ. விட்டம், 70 கிலோபாஸ்கல் என்றால் 0.22 நியூட்டன் மீட்டர். உறிஞ்சலைவிட இரண்டரை மடங்கு, அதுவும் அதே சின்ன பம்பில்.

ஆரம் மும்மடியாக வருவதைக் கவனியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். 20 மி.மீ. குழாய் வேண்டுமென்று துணியில் 20 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் ஒட்டிவிடுவார்கள். காற்றடைத்ததும் அது உருண்டு 12.7 மி.மீ. விட்டமாகிவிடும்; திருப்புவிசை நான்கில் ஒரு பங்காக விழும். தட்டையாக இருக்கும்போது ஒட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவே 31 மி.மீ. இருக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு 28 போதும்.

இப்போது சிலிகோன். ஈகோஃப்ளெக்ஸ் 00-30-ஐ இரட்டிப்பு நீளத்துக்கு இழுக்கத் தேவையான அழுத்தமே 69 கிலோபாஸ்கல்தான். நீங்கள் 40, 50 அடைத்தால் சுவரில் எந்த இடம் துளி மெலிந்திருக்கிறதோ அது உப்பும். உப்ப உப்ப இன்னும் மெலியும். அதில் ஒரு குமிழி இருந்தால் கிழியத்தான் செய்யும். டிராகன் ஸ்கின் 30-க்கு அதே எண் 593. சிலிகோன்தான் வேண்டும் என்றால் அதற்கு மாறி, மேலே கெவ்லார் நூலை இரண்டு திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். ஒரே திசையில் சுற்றினால் விரல் முறுக்கிக்கொள்ளும். ரெசின் பிரின்டரில் செய்த மோல்டு, லேட்டக்ஸ் கையுறை இரண்டும் பிளாட்டினம் வகை சிலிகோனைக் கட்டியாக விடாது. மேல்தோல் பிசுபிசுவென்று நிற்பதைக் கண்டால் காரணம் அதுதான்.

ஆனால் என் வாக்கு துணிக்கு. டிபியு (சூட்டில் இளகி ஒட்டும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) பூசிய நைலான் துணி எடுங்கள். செய்முறை:

பூச்சுள்ள பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, ஆவியில்லாத அயர்ன் பாக்ஸால் 8 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு ஒட்டுங்கள். சூடு எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறும். முதலில் துண்டுகளில் ஒட்டி, ஆறியபின் பிரித்துப் பாருங்கள். பூச்சு துணியை விட்டு உரிந்து வந்தால் ஒட்டு சரி. பூச்சும் பூச்சும் சுத்தமாகப் பிரிந்தால் சூடு போதவில்லை. மூலைகளைச் சதுரமாக விடாதீர்கள், 5 மி.மீ. வளைவு கொடுங்கள், காற்று ஒட்டை உரித்துக்கொண்டு போக ஆரம்பிக்கும் இடம் சதுர மூலைதான்.

டியூப் நுழையும் வாய்தான் மிகப் பெரிய தலைவலி. சிலிகோன் டியூப் டிபியுவோடு ஒட்டவே ஒட்டாது. 4 மி.மீ. பாலியூரித்தேன் டியூப் எடுத்து, நுனியில் டிபியு படலம் இரண்டு சுற்று சுற்றி, உள்ளே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிவிட்டு அயர்ன் செய்யுங்கள். கம்பி இல்லாவிட்டால் டியூப் நசுங்கி வழி அடைபட்டுவிடும். ஆறியபிறகு கம்பியை உருவுங்கள்.

சோதனை: கையில் போடாமல் 105 கிலோபாஸ்கல் வரை ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். பிறகு 70-இல் மூடி வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். முதல் நிமிடம் துணி நீள்வதால் கொஞ்சம் இறங்கும், அதை விட்டுவிடுங்கள். அதன்பின் 5-க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுங்கள்.

ஒரு லாபமும் உண்டு. காற்றை விட்டால் விரல் தானாகவே மடங்கும், விறைப்பு இருக்கிறதே. மடக்க எந்த அமைப்பும் வேண்டாம். விரலுக்கு இரண்டு காற்றறைக்குப் பதில் ஒன்று.

காற்றால் கையை அசைப்பது புதிய யோசனையும் அல்ல. 1950-களில் லாஸ் அலமோஸ் இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபென், போலியோவால் செயலிழந்த மகளின் கைக்காகச் செய்த பின்னல் உறைக் காற்றுத்தசைதான் இன்றைக்கும் அவர் பெயரால் வழங்குகிறது.

ஓம்விதி:

வால்வை உடனே மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இருவழி வால்வு மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும். காற்று கையுறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ள, அந்தக் கை விரித்த நிலையில் மாட்டிக்கொள்ளும். உணர்ச்சி குறைந்த கை, பேச்சு வராதவர் என்றால் வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாது. மூவழி வால்வு வாங்கி, மின்சாரம் இல்லாதபோது கையுறை வெளிக்காற்றோடு இணைந்திருக்கும்படி மாட்டுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலும் காற்றை விடும் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும், இதே காரணத்துக்காக.

நான்கு விரலுக்கு நான்கு வால்வும் வேண்டாம். ஆள்காட்டி, நடுவிரல் ஒரு வழி. மோதிர, சுண்டுவிரல் ஒரு வழி. இரண்டு வால்வு போதும்.

அழுத்த சென்சார் எம்பிஎக்ஸ் 5100. வெளிவரும் வோல்ட் = சப்ளை × (0.009 × கிலோபாஸ்கல் + 0.04). 5 வோல்ட் சப்ளையில் 70 கிலோபாஸ்கலுக்கு 3.35 வோல்ட், அதை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும் நேனோவில் 685 என்று வரும். காற்றே இல்லாதபோது 41. நிரலில் இரண்டு வேலி போடுங்கள்: 777-ஐத் தாண்டினால், அதாவது 80 கிலோபாஸ்கல், எல்லாவற்றையும் நிறுத்து, எண் 20-க்குக் கீழே போனால் சென்சார் ஒயர் கழன்றிருக்கலாம், அப்போதும் நிறுத்து. இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். ஒயர் கழன்றால் அழுத்தம் சுழி என்று நினைத்துக்கொண்டு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

சென்சாரை வால்வுக்கு அப்பால், கையுறைப் பக்கத்து டியூபில் டி இணைப்புப் போட்டு மாட்டுங்கள், வழிக்கு ஒன்றாக இரண்டு. பம்பின் வாயில் மாட்டினால், டியூப் எங்காவது மடிந்து அடைபட்டிருந்தாலும் எண் அழகாகத்தான் தெரியும். நிரலை நம்பாமல் 80 கிலோபாஸ்கலுக்கு ஒரு ஸ்பிரிங் ரிலீஃப் வால்வும் போட்டுவிடுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் அவருடைய நல்ல கையில் இருக்கட்டும். அது ஆர்டுயினோவுக்குச் செய்தி அனுப்பும் பொத்தானாக இருக்கக் கூடாது, வால்வுக்கும் பம்புக்கும் போகும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும்.

வால்வு, பம்ப் ஒவ்வொன்றுக்கும் ஐஆர்எல்இசட் 44என் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), குறுக்கே 1என்4007 டயோடு. பம்ப் கிளம்பும்போது நேனோ ரீசெட் ஆனால் வோல்டேஜ் சரிகிறது என்று பொருள்; நேனோவுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் தனி பக் கன்வர்ட்டரும், பம்ப் சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். 3 முதல் 5 விநாடியில் மெதுவாக ஏற, பம்புக்குப் பின்னால் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுத் திருகு ஒன்று போதும். காற்று இறங்கும் வழியிலும் ஒன்று வையுங்கள், 3 விநாடி என்று மேலே சொன்னது அதில்தான் கிடைக்கும். வால்வை வேகமாகத் திறந்து மூடிக் கட்டுப்படுத்த நினைத்தால் சத்தமும் சூடும்தான் மிச்சம்.

காற்றறை22:

மிக்க நன்றி. துணிக் குழாய் 31 மி.மீ.யில் ஒட்டிப் பார்த்தோம், வித்தியாசம் கண்கூடு. இரண்டு சந்தேகம். கட்டைவிரலுக்கும் இதே குழாயா? நேரம் வைத்துத் திறந்து மூடினால் போதுமா, அல்லது தசை மின்குறி பார்த்துத்தான் இயக்க வேண்டுமா? இன்னொரு சிக்கல்: விரலின் அடிக்கணு (உள்ளங்கையோடு சேரும் மூட்டு) அளவுக்கு மீறிப் பின்னால் வளைகிறது, நடுக்கணு (அடுத்த மூட்டு) மடங்கியே இருக்கிறது.

வடக்கயிறு:

கட்டைவிரலுக்குக் காற்று வேண்டாம். அதன் அடிமூட்டு சேணம் போன்றது, ஒரே திசையில் நிமிரும் குழாய் அதைச் சரியான பக்கம் கொண்டுபோகாது. சூட்டில் இளகும் ஸ்பிளின்ட் பிளாஸ்டிக்கில் வளைவு ஒன்று செய்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே திறந்தபடி நிறுத்திவிடுங்கள்.

நான்கு விரலுக்கும்கூட நான் மோட்டாரையும் வடத்தையும்தான் தேர்ந்தெடுப்பேன். சியோல் தேசியப் பல்கலையின் எக்ஸோ-கிளவ் பாலி என்ற கையுறை அந்த வழியில் வந்தது. மெல்லிசாக இருக்கும், விரலின் நிலை துல்லியமாகத் தெரியும். ஆனால் வடம் போகும் டெஃப்லான் உறை வளைந்தால் உராய்வு கூடும்: உராய்வுக் கெழு 0.1 என்றாலும் 180 டிகிரி வளைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இழுக்க வேண்டும். முழங்கை மடங்கும் இடத்தைத் தாண்டி மோட்டாரை வைக்காதீர்கள்.

தையல்காற்று:

வடம் நல்லதுதான், ஆனால் மூட்டிலிருந்து 10 மி.மீ. தூரத்தில் போகும் வடம் அதே 0.22 நியூட்டன் மீட்டருக்கு 22 நியூட்டன் இழுக்க வேண்டும், அத்தனையும் மூட்டை நசுக்கும். மோட்டார் சிக்கிக்கொண்டால் தளராது. மாணவர் ப்ராஜெக்டுக்கு, தவறினால் காற்று வெளியேறிவிடும் கருவியே பாதுகாப்பு.

அடிக்கணு பின்னால் வளைவதற்குக் காரணம், பட்டை சரியான இடத்தில் இல்லை. விரலுக்கு மூன்று பிடி வேண்டும்: முதல் எலும்பின் நடுவில் ஒன்று, இரண்டாம் எலும்பின் நடுவில் ஒன்று, நுனிக்கு ஒரு தொப்பி. நடுக்கணுவின் இரண்டு பக்கமும் பிடித்தால்தான் குழாய் அந்தக் கணுவை நிமிர்த்தும். அடிக்கணு நேரானதும் நிற்க, குழாயின் கை முதுகுப் பக்கத்து முனையை ஸ்பிளின்டோடு தைத்துவிடாமல் 10 மி.மீ. நகரும்படி ஒரு துணி வளையத்தில் விடுங்கள். விரல் மடங்கும்போது முதுகுப் பக்கம் நீளம் கூடும். தைத்து வைத்தால் குழாய் இழுபட்டு கணுவைப் பின்னால் தள்ளும்.

ஓம்விதி:

தசை மின்குறி: முன்கையின் முதுகுப் பக்கம், முழங்கையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு எலக்ட்ரோடு. மூன்றாவது முழங்கை எலும்பின் மேல். விநாடிக்கு 1000 தடவை எடுத்து, 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை வெட்டுங்கள். எலக்ட்ரோடு உடம்பில் இருக்கும்போது கருவி பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். சார்ஜரில் மாட்டிய லேப்டாப்போடு இணைக்கவே கூடாது.

விரல்நுனி:

நேரம் வைத்துத் திறந்து மூடுவதால் மூட்டு இளக்கமாக இருக்கும், அவ்வளவுதான். கை திரும்ப வேலைக்கு வர, விரிக்க வேண்டுமென்று அவர் முயல வேண்டும். அந்த முயற்சியோடு கருவி சேர்ந்துகொள்ள வேண்டும். மின்குறியில் ஒரு சிக்கல் இருக்கிறது. விரிக்க முயலும்போது மடக்கும் தசையும் சேர்ந்து இறுகும், அந்தக் குறியும் கலந்து வரும். அதனால் மடக்கும் தசை மேலும் ஒரு ஜோடி வைத்து, அது எல்லை மீறினால் கருவி காத்திருக்கட்டும், தளர்ந்தபின் தொடங்கட்டும். மின்குறி சரிவரவில்லை என்றால், நல்ல கையில் பொத்தானை அமுக்கிக்கொண்டே இந்தக் கையையும் விரிக்க முயலச் சொல்லுங்கள். எளிய வழி, ஆனாலும் நேரக் கணக்கைவிட நல்லது.

தானாகவே மணிக்கட்டை 20 டிகிரியும் விரல்களை 10 டிகிரியும் நிமிர்த்த முடிகிறவர் என்றால், நல்ல கையைக் கட்டிவைத்துப் பழகும் பயிற்சிக்கு அவர் தகுதி பெற்றுவிட்டார். அவருக்கு அதை முதலில் யோசியுங்கள். விரல் விரிப்பு எவ்வளவு என்று அளக்க ஆசைப்பட்டால், வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூட்டோ என்ற கைப்பயிற்சி ரோபோவைப் பாருங்கள். உடுத்துவதில்லை, மேசைமேல் வைப்பது. ஒரே மோட்டாரில் கைப்பிடிகளை மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கை, கை விரிப்பு எல்லாம் பயிற்றுகிறது.

கையுறையை மாட்டும் முறையை யாரும் சொல்லவில்லை. இறுகிய கை கையுறைக்குள் நுழையாது. உள்ளங்கைப் பக்கம் துணியே இல்லாமல், முதுகிலிருந்து பட்டைகள் மட்டும் வரும்படி தையுங்கள். அவர் உட்கார்ந்து முன்கை மேசையில் இருக்கட்டும். மணிக்கட்டை மடக்குங்கள், விரல்கள் தாமாகத் தளரும். கட்டைவிரலை நுனியில் பிடித்து இழுக்காதீர்கள்; அடிச்சதையோடு சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுவந்து அப்படியே அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பட்டையைப் போட்டு, கடைசியில் மணிக்கட்டை நிமிர்த்தி ஸ்பிளின்டைக் கட்டுங்கள். நிமிர்த்தியபின் விரல் மாட்ட முயன்றால் நடக்காது.

பட்டை பற்றி: 0.22 நியூட்டன் மீட்டரை நடுக்கணுவிலிருந்து 25 மி.மீ. தள்ளியுள்ள பட்டை தாங்கினால் அதில் சுமார் 9 நியூட்டன். 15 மி.மீ. அகலப் பட்டை 30 மி.மீ. நீளம் தோலைத் தொட்டால் 20 கிலோபாஸ்கல் அழுத்தம். தோலின் நுண்குழாய்களில் ரத்தம் ஓட விடும் அளவு என்று பொதுவாகக் கொள்வது 32 மி.மீ. பாதரசம், அதாவது 4.3 கிலோபாஸ்கல். ஐந்து மடங்குக்கு அருகே போகிறது. விரித்தே வைத்திருக்கக் கூடாது, 10 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பட்டைக்குக் கீழே பஞ்சுத் துணி வையுங்கள், கழற்றித் துவைக்கும்படி.

ஆறாத எலும்பு முறிவு, தசைநார் தைத்த கை, புண், வீங்கிச் சூடாக இருக்கும் கை, தொட்டாலே வலிக்கும் கை: இவற்றில் போடாதீர்கள். நோயாளியிடம் சோதிக்கும் முன் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிவிடுங்கள். முதல் நாள் 10 நிமிடம் மட்டும். கழற்றியதும் பட்டை பட்ட இடங்களையும் கணுக்களின் மேல்தோலையும் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்தப் பட்டையை அகலமாக்கி, அழுத்தத்தை 10 கிலோபாஸ்கல் குறைத்து, தோல் பழையபடி ஆனபிறகே அடுத்த தடவை.

காற்றறை22:

மூவழி வால்வு ஆர்டர் போட்டாயிற்று. துணி வளையம் வைத்ததும் அடிக்கணு நேராக நிற்கிறது. சுண்டுவிரல் குழாயில் மட்டும் ஒட்டு ஓரமாகப் பிரிகிறது, 60-இலேயே.

தையல்காற்று:

அந்த ஒட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். சின்னக் குழாய் என்பதால் ஓரத்தை நெருக்கி வெட்டியிருப்பீர்கள். ஒட்டு முடிந்து 3 மி.மீ. துணி வெளியே விட்டு வெட்டுங்கள். அயர்ன் பாக்ஸின் நுனியால் ஒட்டியிருந்தால் அங்கே சூடு குறைவு. நடுப்பகுதியால் ஒட்டி, சூடு ஆறும்வரை மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து அமுக்குங்கள்.